அன்று காலை நாற்பத்தொன்று

எப்சிபாவின் இரண்டு கைகளிலும் மாவு. கல்லில் ஒரு தோசை வெந்துகொண்டிருந்தது. மேசை மேல் கிடந்த தன் டேப்லெட்டைத் தாடையால் காட்டினாள்.

"ஏங்க, அதைத் தொறந்து தரவகத்துல கே-380ன்னு போடுங்க. மைனஸ் நாப்பதுல எத்தனை ஜூல்னு வாசிங்க."

"நேத்துதான பாத்த?"

"நேத்து பாத்தது நேத்தைக்கு. இன்னைக்குத் தொட்டியைக் குளுர வைக்கப் போறோம். வாசிங்க, கல்லு காயுது."

விரலால் பக்கத்தைத் தள்ளித் தேடி வாசித்தேன். நாற்பத்தொன்று.

"இருபத்தேழு இருந்தாலே போதும். நாப்பத்தொண்ணுன்னா தாராளம்," என்று தோசையைத் திருப்பிப் போட்டாள். "அந்தச் சட்னியை மூடி வைங்க, ஈ மொய்க்குது."

அதன் பிறகு வாசலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டே ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை. சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நான் தூத்துக்குடியில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறவன். எப்சிபா துறைமுகத்தை ஒட்டிய அம்மோனியா ஆலையில் உலோகப் பொறியாளர். வெயிலில் எடுக்கும் மின்சாரத்தையும் தண்ணீரையும் காற்றையும் கொண்டு அங்கே அம்மோனியா செய்து, திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுவார்கள். திரவமாக இருக்க வேண்டுமானால் மைனஸ் முப்பத்து மூன்று டிகிரியில் வைத்திருக்க வேண்டும். அந்தக் குளிரில் சில எஃகுகள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், சில ஆகாது. எது ஆகும், எது ஆகாது என்று பார்த்துச் சொல்வதுதான் அவளுடைய வேலை. எந்த எஃகு உடையுமுன் எவ்வளவு பலமான அடியைத் தாங்கும் என்பதை ஜூல் கணக்கில் வைத்திருக்கும் பொதுக் களஞ்சியம்தான் தரவகம்.

தொட்டியின் அடியிலிருந்து வெளியே வரும் குழாயை அந்த மாதம் மாற்றியிருந்தார்கள். பழைய வகை எஃகு சந்தையில் கிடைக்கவில்லை. உருக்காலைகள் எல்லாம் பழைய இரும்பை மின் உலையில் உருக்கித்தான் புதிது செய்ய வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, பழைய வகைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அதற்குப் பதிலாக வந்தது கே-380.

மதியத்துக்கு முன்பு அந்தக் குழாய் உடைந்தது. காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்த நேரம். நூலகத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எவன்டே இங்க வந்து தலைக்கு டை அடிக்கான்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து ஜன்னல்களைச் சாத்தினேன்.

குழாய்க்குப் பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். எப்சிபா, வெல்டர் பால்பாண்டி. மற்றவர்கள் ஓடித் தப்பிவிட்டார்கள்.

விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. விசாரணை அதிகாரி வேலாயுதப்பெருமாள் என்னை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து, கடைசிப் பக்கத்தைக் காட்டினார். 'பொறுப்புப் பொறியாளர் உரிய கால அளவைவிட விரைவாகக் குளிர்விக்க அனுமதித்ததே விபத்துக்குக் காரணம்.'

"அவ அவசரப்படுற ஆள் இல்ல சார்."

"இருக்கலாம். ஆனா குழாய் உடைஞ்சிருக்கே."

"இரும்பு சரியில்லாம உடைஞ்சிருக்கலாம்ல?"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். கே-380. மைனஸ் நாற்பதில் நாற்பத்தொன்று. "இந்த எஃகு இந்தக் குளிர்ல உடையாது."

"உடைஞ்சு கிடக்கே சார்."

"அதான் சொல்றேன். எஃகு உடையாது. அப்போ வேற ஏதோ நடந்திருக்கு. வெல்டிங்ல குறை இல்ல, ஸ்கேன் பண்ணியாச்சு. மிச்சம் இருக்கிறது குளிர வச்ச வேகம்தான்."

"உடைஞ்ச துண்டைச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்கு? அதோட குணம்தான் இங்க இருக்கே."

அவர் கெட்டவர் இல்லை. டீ ஆறுகிறது, குடியுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். இந்த வட்டத்துக்குள் எங்கே நுழைவது என்று தெரியாமல் நான்தான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பால்பாண்டியின் மனைவி சந்தனமாரி எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். அறிக்கையின் செய்தி அவளுக்கும் போயிருந்தது. நான் காய்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது, தராசுக்காரன், பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் கேட்க, "உம்ம பொண்டாட்டிக்கு என்னவே அவசரம்? அரை நாள் பொறுத்துக் குளுர வச்சா ஆலை ஓடியா போயிரும்? எம்புருசன் போயிட்டான்லா!" என்றாள். இறந்தவளுக்காக நான் என்ன பதில் சொல்வது? தக்காளியைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். ஊரில் எல்லோரும் என்ன நினைத்தாலும் போகட்டும், இவள் ஒருத்திக்காவது எப்சிபா அவசரப்படவில்லை என்று காட்டிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

முப்பிடாதி எப்சிபாவுக்குக் கீழே வேலை பார்த்தவன். அவளை அக்கா என்பான், என்னை அண்ணாச்சி என்பான். அவனிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, முன்னெல்லாம் புது எஃகு வந்தா ஒரு துண்டை வெட்டி, குளுர வச்சு, சுத்தியலால அடிச்சு உடைச்சுப் பாத்துத்தான் எண் எழுதுவாங்க. அதுக்கு நாளாகும். இப்ப தரவகம் லட்சக்கணக்கான பழைய சோதனையைப் படிச்சு வச்சிருக்கு. கலவை என்னன்னு சொன்னாப் போதும், உடைக்காமலே சொல்லிரும். அநேகமாச் சரியாத்தான் இருக்கும்."

"இப்ப யாரும் உடைச்சே பாக்குறது இல்லையா?"

"பாக்காங்க. வர்ற எண்ணைத் தரவகத்தோட ஒப்பிடுவாங்க. ஒத்துவரலைன்னா மிஷின் சரியில்லைன்னு மிஷினைத் திருத்துவாங்க."

"விளையாடுதியா?"

"நான் ஏன் அண்ணாச்சி விளையாடுதேன்?"

எப்சிபா கொடுத்த ஒப்புதலைக் காட்டச் சொன்னேன். திரையில் வரைபடம் வந்தது. எஃகின் பெயருக்கு எதிரே எண் எதுவும் இல்லை. ஒரு சிறிய நீலக் குறி மட்டும் இருந்தது. முப்பிடாதி அதைத் தொட்டதும் தரவகம் திறந்து நாற்பத்தொன்று என்று காட்டியது.

"எண்ணை எழுதக் கூடாது அண்ணாச்சி. இந்த நீலக் குறி, சுட்டிதான் குடுக்கணும். முன்னால எங்கயோ ஒருத்தன் பழைய பிரிண்டைப் பாத்து வேலை செஞ்சு ஒரு கிரேன் சாஞ்சிட்டு. அதுல இருந்து யாரும் பழைய எண்ணை வச்சிருக்கப்படாது, எப்பவும் தரவகத்துல இருக்கிற எண்தான் செல்லும்னு விதி. தரவகமும் பழசை வச்சிருக்காது. அழிச்சிரும்."

எங்கள் நூலகத்தின் பின்னறையில் பழைய பதிப்புகள் இருக்கின்றன. தப்பும் தவறுமாக அச்சானவைகூட உண்டு. யாரும் கேட்பதில்லை, ஆனால் தூக்கிப் போடுவதும் இல்லை. இதை அவனிடம் சொன்னேன்.

"அது புஸ்தகம் அண்ணாச்சி. இது ஆள் உயிர். அப்ப அது நல்ல யோசனையாத்தான் தெரிஞ்சுது. அக்காவே அந்த விதி வந்தப்ப கை தட்டினாங்க."

உடைந்த துண்டுகளை விசாரணைக் குழு எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் குழாயாகச் சுருட்டிய அதே தகட்டில் வெட்டியது போக மிஞ்சிய பகுதி ஆலையின் இரும்புக் கொட்டகையில் கிடந்தது. முப்பிடாதி மேலாளரிடம் கேட்டான். மேலாளர் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு முப்பிடாதி விரல் நீளத்துக்குச் சில துண்டுகள் வெட்டி, நடுவில் ஒரு கீறல் போட்டு வாங்கி வந்தான்.

உடைக்கும் இயந்திரம் திருச்செந்தூர் சாலையில் ஒரு பழைய பாலிடெக்னிக்கில் இருந்தது. ஊஞ்சல் மாதிரி தொங்கும் கனமான சுத்தியல் அது. ஒரு பக்கம் தூக்கிவிட்டால் இறங்கி வந்து துண்டை அடித்து, மறுபக்கம் ஏறும். துண்டு எவ்வளவு எதிர்த்ததோ அவ்வளவு குறைவாக ஏறும். விரிவுரையாளர் கிருபாகரன் அதன் மேல் கிடந்த குடைகளை எடுத்துத் தரையில் போட்டார்.

"இது ஓடுமா சார்?" என்றான் முப்பிடாதி.

"வருஷா வருஷம் ஓடுது. எல்லாப் பையனுக்கும் ஒரே விடைதான் வரும்."

"அவ்வளவு துல்லியமா?"

"துல்லியமாவது! சீனியர் ரெக்கார்டைப் பாத்து எழுதுறான்."

இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனியிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் டிரை ஐஸ் வாங்கி வந்திருந்தோம். ஆல்கஹாலில் அதைப் போட்டு, புகை அடங்கி வெப்பமானி மைனஸ் நாற்பது காட்டியதும் துண்டுகளை முக்கினார்கள். முதலில் கிருபாகரன் தன் அறையிலிருந்த ஒரு பழைய எஃகுத் துண்டைக் குளிர வைத்து அடித்தார். சுத்தியல் முனகிக்கொண்டு நின்றதுபோல ஆகி, மெல்ல ஏறியது. துண்டு முழுதாக உடையக்கூட இல்லை. கிழிந்த துணி மாதிரி இழை இழையாகத் தொங்கியது. "நல்ல எஃகு இப்படித்தான் சாகும்," என்றார்.

பிறகு கே-380. பெரிய சத்தம் வரும் என்று காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். சாக்பீஸ் உடைந்த சத்தம்தான் வந்தது. நடுவில் ஏதோ இருந்தது என்பதையே கவனிக்காததுபோல் சுத்தியல் மறுபக்கம் உச்சிவரை ஏறியது. முள் ஆறைக் காட்டியது. கிருபாகரன் அடுத்த துண்டை வைத்தார். பிறகு அடுத்ததை. எல்லாம் ஆறுக்கும் எட்டுக்கும் இடையில். உடைந்த முகங்கள் கற்கண்டை உடைத்ததுபோல மினுங்கின.

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுலயா குழாய் போட்டாங்க?"

முப்பிடாதி அந்தத் துண்டுகளைப் பார்த்தபடியே சொன்னான். "பழைய காரு, பழைய ஃபிரிட்ஜ்னு ஒரே இரும்பைத் திருப்பித் திருப்பி உருக்குதாங்க. ஒவ்வொரு தடவையும் செம்பு, தகரம்னு கொஞ்சங் கொஞ்சமாச் சேருது. தரவகம் படிச்ச பழைய எஃகுல அதெல்லாம் கெடையாது. அதுக்குத் தெரியாததை அது எப்படிச் சொல்லும்?"

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். எப்சிபா அவசரப்படவில்லை.

கிருபாகரன் அளவீட்டைத் தரவகத்துக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது: 'தங்கள் அளவீடு எதிர்பார்க்கப்படும் எல்லைக்கு வெளியே உள்ளது. தங்கள் கருவியைச் சரிபார்க்கவும்.'

"என் மிஷினையா? என் மிஷினையா சரி பாக்கச் சொல்றான்?" என்று கத்தினார். பையன்கள் எழுதும் ஒரே விடையைப் பற்றி அன்று யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

புகார் எழுதிப் போட்டுவிட்டு, தரவகத்தின் உதவி எண்ணுக்கு நான் பேசினேன். மிகவும் மரியாதையான பெண் குரல்.

"தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டுள்ளது ஐயா."

"ஏம்மா முடிச்சீங்க?"

"தீர்வு வழங்கப்பட்டதால் ஐயா."

"என்ன தீர்வு?"

"கருவியைச் சரிபார்க்கும்படி சொல்லியிருக்கிறோம் ஐயா."

"சரி பாத்தாச்சு. மிஷின் நல்லா இருக்கு."

"அப்படியானால் அளவீடு எல்லைக்குள் வந்திருக்கும் ஐயா."

அது மனிதக் குரலா இல்லையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. மனிதர் என்றால் கோபப்படலாம், இயந்திரம் என்றால் விட்டுவிடலாம். இரண்டும் தெரியாதபோது போனை மட்டும் வைக்க முடிகிறது.

முப்பிடாதி விடவில்லை. கூடப் படித்தவர்கள் ராணிப்பேட்டையில், விசாகப்பட்டினத்தில், ஜாம்ஷெட்பூரில் இருந்தார்கள். எல்லோருக்கும் துண்டுகளை அனுப்பினான். ஒருத்தர் லீவில் இருந்தார், ஒருத்தர் மேலதிகாரியிடம் கேட்க வேண்டும் என்றார், ஒரு பார்சல் வேறு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது. இதற்குள் எப்சிபாவின் முதல் நினைவு நாள் ஆராதனையும் முடிந்துவிட்டது. பாதிரியார் 'தவறுகளை மன்னிக்கும் தேவன்' என்று ஜெபத்தில் ஒரு வரி சேர்த்தார். நல்லெண்ணத்தில்தான். நான் ஆமென் சொல்லவில்லை.

ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரே மாதிரி எண்கள் போய்ச் சேரச் சேர, ஒரு கருவியின் கோளாறு என்று தள்ள முடியாமல் தரவகத்தின் எல்லை தானாக நகர்ந்தது. ஒரு நாள் கே-380 முப்பத்தொன்று என்று காட்டியது. பிறகு பத்தொன்பது. ஒரு காலையில் முப்பிடாதி நூலகத்துக்கே ஓடி வந்தான். "எட்டு அண்ணாச்சி! எட்டுன்னு வந்துட்டு! கீழ செவப்புல வேற போட்டிருக்கான், உறைகுளிருக்கு ஆகாதுன்னு."

வாசகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் இருவரும் 'அமைதி' என்ற பலகைக்குக் கீழே நின்று கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

வேறு துறைமுகங்களிலும் அந்த எஃகில் செய்த குழாய்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவன் சொன்னான். சில இடங்களில் மயிரிழை விரிசல் விட்டிருந்ததாம்.

வேலாயுதப்பெருமாள் அவராகவே கூப்பிட்டார். "உங்களுக்காகத்தான் அறிக்கையைத் திரும்பத் திறந்தோம். திருத்தியாச்சு, வாங்க." வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

'குளிர்வித்த வேகத்தில் குறையில்லை.' அந்த வரியை வாசித்ததும் கண் நிறைந்துவிட்டது. அடுத்த வரியை வாசிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. 'இவ்வகை எஃகு உறைகுளிரில் நொறுங்கக்கூடியது என்பது தரவகத்தில் தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளது. பொறுப்புப் பொறியாளர் அதனைப் பார்க்காமல் ஒப்புதல் அளித்தது கடும் கவனக்குறைவாகும்.'

"சார், அன்னைக்கு இப்படி இல்ல."

அவர் எப்சிபாவின் ஒப்புதலைத் திறந்து நீலக் குறியைத் தொட்டார். எட்டு. கீழே சிவப்பு எழுத்து. "இதுதானே அவங்க குடுத்த ஒப்புதல்? இதுல என்ன காட்டுது?"

"இன்னைக்கு எட்டு. அன்னைக்கு நாப்பத்தொண்ணு. நீங்களே எனக்குக் காட்டினீங்க, இதே மேசையில."

அவர் முகம் ஒரு கணம் மாறியது. "காட்டியிருப்பேன். எத்தனை கேஸ் பாக்குறேன். எனக்கு எண் ஞாபகம் இல்லை."

"உங்க பழைய அறிக்கையில?"

"அதுலயும் சுட்டிதான். நாங்களும் எண் எழுதக் கூடாது." பழைய அறிக்கையைத் திறந்து காட்டினார். 'எஃகின் குணம் போதுமானது' என்ற வரிக்குப் பக்கத்திலிருந்த நீலக் குறியைத் தொட்டார். எட்டு. அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"அன்னைக்குக் காலையில நாப்பத்தொண்ணுன்னு நான்தான் அவளுக்கு வாசிச்சேன் சார்."

"நீங்க யாரு?"

திமிராகக் கேட்கவில்லை. சாட்சி என்ற கட்டத்தில் என்னை என்னவென்று எழுதுவது என்று உண்மையாகவே தெரியாமல் கேட்டார். புருஷன். நூலகர். தோசைக்குக் காத்திருந்தவன்.

"பாருங்க," என்றார் தணிந்த குரலில், "தரவகம் மாறலை. திருந்தியிருக்கு. உங்களாலதான் திருந்தியிருக்கு. அதுக்கு முன்னால இருந்தது தப்பு. தப்பை எதுக்குச் சேத்து வைக்கணும்?"

"அதை நம்பினவங்களுக்காக."

அவர் அதை எங்கும் எழுதிக்கொள்ளவில்லை.

முப்பிடாதியிடம் போய்ச் சொன்னேன். "சும்மா விட்டிருந்தா அவசரக்காரின்னு மட்டும் பேரு இருந்திருக்கும்," என்றான். பிறகு, "விட்டிருந்தா அந்தக் குழாயெல்லாம்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். நானும் அதை முடிக்கவில்லை. கழற்றிய குழாய்களுக்குப் பக்கத்திலும் யாரோ ஒரு பொறியாளர், யாரோ ஒரு வெல்டர் நின்றிருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஆறவில்லை.

ஒரு வாரம் கழித்துச் சந்தனமாரி நூலகத்துக்கு வந்தாள். உள்ளே நுழைவது அதுதான் முதல் தடவை போலும், செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தாள். போனை நீட்டினாள்.

"விசாரணைக்காரன் புதுசா ஒண்ணு அனுப்பியிருக்கான். அவன் எழுதுற தமிழ் எனக்கு விளங்கல. வாசிச்சுச் சொல்லும்."

"வேற யார்கிட்டயாவது..."

"நீருதான வாசிக்கத் தெரிஞ்ச ஆளு. வாசியும்."

வாசித்தேன். கடும் கவனக்குறைவு என்பதுவரை, ஒரு சொல்லையும் விடாமல், என் வாயாலேயே.

"பாக்காமக் கையெழுத்துப் போட்டாள்னு சொல்லுதான். அப்படித்தான?"

"ஆமா."

"பாத்தாளா?"

"பாத்தா. அவ கையில மாவு. நான்தான் வாசிச்சுச் சொன்னேன்."

"எத்தனைன்னு?"

"நாப்பத்தொண்ணு."

"எத்தனை வேணும்?"

"இருபத்தேழு போதும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்ப்பவள் போல இருந்தாள். "முதல்ல அவசரப்பட்டாள்னான். நான் தெருவுல நின்னு உம்மை ஏசினேன். இப்ப பாக்கலைங்கான். நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவான். ஒவ்வொரு தடவைக்கும் நான் எம்மனசைப் பிடுங்கிப் பிடுங்கி நடணுமா? என்னால ஏலாதுவே." எழுந்தாள். "நீரு வாசிச்சதை எழுதி வையும்."

"எண்ணை எழுதி வைக்கிறது குத்தம்."

"பிடிச்சிட்டுப் போகட்டும்."

அதனால் எழுதுகிறேன். நான் பொறியாளன் இல்லை. என்னிடம் இருப்பது ஞாபகம் மட்டும். மைனஸ் நாற்பதில் நாற்பத்தொன்று. அந்தக் காலையில், அந்த அடுப்படியில், அதுதான் இருந்தது.

இப்போதும் தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். புதிய அளவீடுகள் வந்துகொண்டே இருக்கின்றன போலும். நேற்று ஒன்பது, இன்று ஏழு. இழுவலிமை ஏறி இறங்குகிறது, கலவைப் பட்டியலில் ஒரு வரி கூடியிருக்கிறது, சிவப்பு எழுத்தின் வாசகத்தைக்கூட மாற்றிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியில் அடர்த்தி. அன்று நாற்பத்தொன்றைத் தேடிப் பக்கத்தைத் தள்ளியபோது முதலில் கண்ணில் பட்டதும் அதுதான். அது மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு கன மீட்டருக்கு 7850 கிலோ.